டேலின் கதிரை

றொபேட் வீட்டுக் கோட் அலுமாரியைத் திறந்தால் முதலில் தொப்பிதான் தலையில் விழும். கோட் பிறகு. எல்லாத் தொப்பியும் ஒரே பாசிப் பச்சை. நெற்றியில் ஒரே பெயர்: கால்டர்வூட் அன்ட் சன்ஸ். பெயருக்குக் கீழே ஒரே வாசகம்: "நாங்கள் கேட்கிறோம்."

கால்டர்வூட் தொப்பிக் கொம்பனி அல்ல. நூற்றைம்பது வருடமாகத் துவக்குச் செய்கிற கொம்பனி. றொபேட் அவர்களுக்கு ஒரு முறைப்பாடு அனுப்புவான், அவர்கள் ஒரு தொப்பி அனுப்புவார்கள். இன்னொரு முறைப்பாடு அனுப்புவான், இன்னொரு தொப்பி வரும். முறைப்பாடு இதுதான்: "உங்கள் துவக்கு விசையைத் தொடாமலே வெடித்து என் மச்சானின் கால் போய்விட்டது." தொப்பி அளவாகத்தான் இருந்தது. அதைக் குறை சொல்ல முடியாது.

நடந்தது போன நவம்பரில். மான் வேட்டைப் பருவம் தொடங்கிய கிழமை, றொபேட்டும் அவனுடைய தங்கச்சி றெஜினாவின் புருசன் கிளிபோட்டும் வடக்கே காட்டுக்குப் போனார்கள். இரண்டு பேரும் சண்டைக்காலத்தில் மன்னாரிலிருந்து இந்தக் குளிர்நாட்டுக்கு வந்த ஆட்கள். றொபேட் ஸ்காபரோவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறான். கிளிபோட் ஒரு களஞ்சியத்தில் பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ற் ஓட்டினான். ஒழுங்காகச் சோதனை எழுதி, ஒழுங்காக லைசன்ஸ் எடுத்து, சட்டம் சொன்ன செம்மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு வருடா வருடம் போகிறவர்கள். மான் விழுந்தால் ரூஜ் ஆற்றுப் பக்கத்துக் கோயில் சனத்தின் வீடெல்லாம் ஒரு கிழமைக்கு மான் கறி மணக்கும்.

அன்றைக்கு மான் விழவில்லை. பொழுதுபட முன்னம் வாகனத்தடிக்கு வந்து, றொபேட் துவக்கிலிருந்து குண்டை எடுக்கப் போனான். கால்டர்வூட் நோர்த்மன் என்ற அந்த றைஃபிளில் குண்டை எடுக்க வேண்டுமென்றால் முதலில் சேஃப்ரியைத் தள்ளிவிட வேண்டும். துவக்கு தவறி வெடிக்காமல் இருப்பதற்கென்று வைத்த பூட்டு அது. குழாயை நிலத்துக்குக் காட்டிக்கொண்டு பெருவிரலால் தள்ளினான். விசையில் விரலே இல்லை. வெடித்தது. குண்டு ஒரு கல்லில் பட்டுத் தெறித்து, அங்கால் நின்று பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த கிளிபோட்டின் வலது கணுக்காலில் ஏறியது. ஆஸ்பத்திரியில் பாதத்தை எடுத்துவிட்டார்கள்.

பொலிஸ் வந்து, துவக்கைக் கொண்டுபோய், விபத்து என்று எழுதி மூடிவிட்டது. சொந்தபந்தம் மூடவில்லை.

"அண்ணா, விசையில கை வைக்காமல் துவக்கு எப்பிடி வெடிக்கும்? அது என்ன, பிறஷர் குக்கரோ?" என்று றெஜினா ஆஸ்பத்திரி நடையில் வைத்துக் கேட்டாள்.

றொபேட் உள்ளே போனபோது கிளிபோட் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். திரும்பாமலே சொன்னான். "பிழையாய் அமத்திப்போட்டன் எண்டு சொல்லு மச்சான். காலைத்தானே கொண்டுபோனது, போகட்டும், மன்னிச்சு விடுறன். பொய் மட்டும் சொல்லாத."

"நான் அமத்தேல்லையடா."

"அப்ப நீ போ."

அன்றிலிருந்து றொபேட்டுக்கு அந்த வீட்டு வாசல் இல்லை. நத்தார்ப் பெருநாளுக்குக் கேக் கொண்டுபோனான். கேக் உள்ளே போனது, அவன் திரும்பி வந்தான். அவனுக்கு வேண்டியது நட்டஈடு இல்லை. துவக்கைச் செய்தவனின் வாயிலிருந்து ஒரே ஒரு வசனம்: எங்கள் துவக்கு தானாக வெடிக்கும். அதைக் கொண்டுபோய்க் கிளிபோட்டின் முன்னால் வைக்க வேண்டும். வேறொன்றும் இல்லை.

"அங்க துவக்குக்குப் பயந்து வள்ளம் ஏறினனீங்கள்," என்றாள் மனைவி ஸ்டெபனி, தொப்பிகளைக் காலால் ஒதுக்கிக்கொண்டு. "இஞ்ச வந்து காசு குடுத்து அதையே வேண்டி, சொந்த மச்சானைச் சுட்டியள். இப்ப வீடு முழுக்கத் தொப்பி. இனி என்ன, கடை போடுவமோ?"

கொம்பனியிடம் அந்த ஒரு வசனத்தைக் கேட்டு றொபேட் தொலைபேசி எடுக்காத நாளில்லை. எடுத்தால் ஒரு பெண் குரல் கனிவாகச் சொல்லும்: தொப்பி பற்றியதென்றால் ஒன்றை அழுத்தவும். மேற்சட்டை பற்றியதென்றால் இரண்டு. வெடிமருந்து வாசம் வீசும் எங்கள் மெழுகுதிரி பற்றியதென்றால் மூன்று. நீங்கள் ஓர் அரசாங்கமாக இருந்தால் நான்கு. துவக்கு பற்றிய எண் எது என்று அவன் கடைசிவரை காத்திருந்து பார்த்தான். கடைசியில் சங்கீதம் வந்தது. ஒருநாள் கோபத்தில் நான்கை அழுத்தினான். முதல் மணியிலேயே ஒருவன் எடுத்தான். "மாண்புமிகு ஐயா, எந்த நாட்டிலிருந்து?" என்று கேட்டான். றொபேட் "ஸ்காபரோ" என்றான். தொடர்பு அறுந்தது. அடுத்த கிழமை ஒரு தொப்பி வந்தது.

ஜனவரியில் ஒரு பின்னேரம் தொலைபேசி அடித்தது. தமிழ்க் குரல்.

"ஹாய், றொபேட் அங்கிளா? நான் லக்சிகா, கால்டர்வூட்டில பிராண்ட் ஸ்ரோறி மனேஜர். அங்கிள், ஐ ஆம் சோ எக்சைற்றட்! நீங்கள் செலெக்ற் ஆகியிருக்கிறியள்!"

"எதுக்குப் பிள்ளை?"

"எங்கட லிசினிங் டேக்கு. வருசத்தில ஒருநாள் நாங்கள் ஒரு றியல் கஸ்ரமரைக் கூப்பிட்டு, லைக், அவர் சொல்றதைக் கேப்பம். கொம்பனி பிறெசிடென்ற்றே வருவார். இந்த வருசம் நீங்கள்தான்! உங்கட கொம்ப்ளெயின்ற்ஸ்தான் சிஸ்ரத்தில ஆகக் கூட."

"துவக்கைப் பற்றிக் கதைக்கலாமோ?"

குரல் தாழ்ந்தது. "கதைக்கலாம் அங்கிள். ஆனா அந்த வேர்ட் நாங்கள் ஒஃபிசில பாவிக்கிறேல்ல. 'வெளிப்புற அனுபவக் கருவி' எண்டு சொல்லுவம். அந்த அக்சிடென்ற் இருக்கெல்லோ, அது 'திட்டமிடாத அனுபவம்'."

றொபேட்டுக்கு அதெல்லாம் ஏறவில்லை. கேட்பார்கள் என்ற சொல் மட்டும் ஏறியது. கழுத்தில் இரவல் ரை ஒன்று கட்டிக்கொண்டு போனான்.

கால்டர்வூட்டின் தலைமைக் கந்தோர் நகர மையத்தில், கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில் இருந்தது. வாசலிலேயே பெரிய அறிவிப்பு: இக்கட்டடத்தினுள் துப்பாக்கிகள் கண்டிப்பாகத் தடை. அதற்குக் கீழே சின்ன எழுத்தில்: எங்கள் ஊழியரின் மன அமைதி எங்களுக்கு முக்கியம். காவலாளி றொபேட்டை இரண்டு தரம் தடவினான். "நீங்கள் வாடிக்கையாளர் என்று சொன்னார்கள், அதனால்தான்," என்று விளக்கம் சொன்னான். பிறகு கழுத்தில் ஓர் அட்டை மாட்டினான். அதில் "உண்மையான வாடிக்கையாளர்" என்று இருந்தது. அட்டைக்குக் கையெழுத்து வைக்கச் சொன்னார்கள், வைத்தான். அன்றைக்கு எடுக்கிற படங்களைக் கொம்பனி விரும்பியபடி பாவிக்கலாம் என்பதும் அதே கையெழுத்துக்குள் அடக்கம்.

காத்திருக்கும் இடத்தில் ஓர் உலகப் படம் சுவரை அடைத்துக்கொண்டு தொங்கியது. தலைப்பு, "எங்கள் பங்காளர்கள்." கால்டர்வூட்டிடம் ஆயுதம் வாங்குகிற அரசாங்கங்களுக்கெல்லாம் ஒரு சிவப்புப் புள்ளி. றொபேட்டின் கண் தன்பாட்டில் இந்தியாவுக்குக் கீழே போனது. அங்கேயும் ஒரு புள்ளி இருந்தது. புள்ளி பெரிது, தீவு தெரியவில்லை.

அவன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். எத்தனையோ வருடத்துக்கு முன்னம், ஓர் இரவு, மன்னார்க் கரையில் தன் தலைக்கு மேலால் போனது எந்தக் கொம்பனிக் குண்டு என்று அவன் அதுவரை யோசித்ததில்லை. யோசிக்க நேரமிருக்கவில்லை. இப்போது சோபாவும் இலவசக் கோப்பியும் இருந்தன.

"மாப் வடிவா இருக்கு, இல்லையா அங்கிள்?" என்றபடி லக்சிகா வந்தாள். "வாங்கோ, எல்லாரும் வெயிற்றிங்."

கூட்ட அறையில் நீட்டு மேசை. சுற்றிவர ஆட்கள். எல்லாருமே காட்டுக்குப் போகிறவர்களைப்போல் கட்டம்போட்ட கம்பளிச் சட்டை போட்டிருந்தார்கள். சட்டைகளில் மடிப்புக் கலையவில்லை. மேசையின் தலைப்பக்கத்தில் ஒரே ஒரு கதிரை மிச்சம். றொபேட் அங்கே போனான். கதிரையில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். தாடி, தொப்பி, சிரித்த முகம். கிட்டப் போய்ப் பார்த்தால் அட்டை. ஆளளவுக்கு வெட்டி, முழங்காலில் மடித்து, கதிரையில் இருத்தி, விழாமல் இடுப்பில் பட்டி கட்டியிருந்தார்கள்.

"இது டேல்," என்றார் ஒருவர், மரியாதையான குரலில். வாடிக்கையாளர் நெருக்கப் பிரிவின் துணைத் தலைவர். பெயர் கிறெய்க். "எங்கள் வாடிக்கையாளர். வயது நாற்பத்தேழு. ஒரு ட்ரக், ஒரு நாய். காலமை கறுப்புக் கோப்பி. டேல் இல்லாமல் நாங்கள் ஒரு முடிவும் எடுப்பதில்லை."

"குட் மோர்ணிங் சொல்லுங்கோ அங்கிள்," என்று லக்சிகா காதுக்குள் சொன்னாள். "இட்ஸ் எ கல்ச்சர் திங்."

றொபேட் அட்டைக்குக் குட் மோர்ணிங் சொன்னான். எல்லாரும் கொஞ்சம் பொறுத்தார்கள், டேல் பதில் சொல்வதற்கு. பிறகு திருப்தியாகத் தலையாட்டினார்கள்.

"நான் எங்க இருக்கிறது?" என்று றொபேட் கேட்டான்.

மேசையில் இருந்தவர்கள் கதிரைகளை எண்ணினார்கள். வாடிக்கையாளருக்கென்று ஒரு கதிரைதான் ஒதுக்கப்பட்டிருந்தது. அதில் வாடிக்கையாளர் இருந்தார். கிறெய்க் யோசித்துவிட்டு, "நிற்பது உண்மைத்தன்மைக்கு நல்லது," என்றார். றொபேட் டேலுக்குப் பக்கத்தில், பரிசாரகன் மாதிரி நின்றான். ஒருவன் கமராவைத் தோளில் வைத்துக்கொண்டு அவனைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

தலைவர் ஹார்லன் கால்டர்வூட் எழுந்தார். ஸ்தாபகரின் நான்காம் தலைமுறை. கண்ணில் ஈரம், எந்நேரமும் இருக்கும் ஈரம்.

"என் பூட்டன்," என்று தொடங்கினார், "ஒவ்வொரு கருவியையும் தன் கையால் சுட்டுப் பார்த்துத்தான் விற்றார். வருடத்துக்கு முந்நூறு விற்றார். அந்தப் பழக்கத்தை நாங்கள் நிறுத்திய வருடம் மூன்று லட்சம் விற்றோம். இதிலிருந்து என்ன தெரிகிறது?"

றொபேட்டுக்குத் தெரிந்தது. ஆனால் கேள்வி அவனிடம் கேட்கப்படவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள்.

"இன்றைக்கு நாங்கள் எஞ்சினியரிங் பிரிவை முழுதாகக் கதைப் பிரிவாக மாற்றிவிட்டோம். ஏனென்றால் மக்கள் இரும்பை வாங்குவதில்லை, கதையை வாங்குகிறார்கள்."

அடுத்தது கிறெய்க். "நான் பதினெட்டு வருடம் இங்கே இருக்கிறேன். ஒருநாளும் எங்கள் கருவி எதையும் தொட்டதில்லை. தொட்டால் பாசம் வந்துவிடும். பாசம் வந்தால் வாடிக்கையாளரை நடுநிலையாகப் பார்க்க முடியாது." டேலின் தோளில் ஒரு தூசியைத் தட்டிவிட்டார். "ஆரம்பத்தில் உண்மையான வாடிக்கையாளர்களிடம் போய்க் கேட்டோம். ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். சிலர் கோபப்பட்டார்கள். பிறகுதான் டேலைக் கண்டுபிடித்தோம். அன்றிலிருந்து டேல் ஒரு முறைப்பாடும் செய்ததில்லை."

எல்லாரும் டேலைப் பெருமையோடு பார்த்தார்கள். பிறகு றொபேட்டைப் பார்த்தார்கள். பெருமை அங்கே வந்து குறைந்தது.

அவனுடைய முறை வந்தது. இரவிரவாகக் கண்ணாடி முன் நின்று பாடமாக்கிய இங்கிலீசை எடுத்தான். காடு, கல், சேஃப்ரி, கால். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னான். "நான் காசு கேக்க வரேல்ல," என்று முடித்தான். "உங்கட துவக்கு தானா வெடிக்கும் எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ. என்ர மச்சான் நான் பொய் சொல்லுறன் எண்டு நினைக்கிறான். இன்னும் எத்தினை பேற்ற வீட்டில உது கிடக்கோ தெரியாது. அவைக்கும் சொல்லுங்கோ."

துவக்கு என்ற சொல்லுக்கு மேசையில் இரண்டு பேர் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

"நன்றி, றொபேட்," என்றார் கிறெய்க். "நாங்கள் கேட்டோம். இப்போது டேலைக் கேட்போம்."

விளக்கைக் குறைத்தார்கள். எல்லாரும் கண்ணை மூடி, உள்ளங்கையை மேலே பார்க்க மேசையில் வைத்து, ஆழமாக மூச்சு இழுத்தார்கள். ஜெபமோ என்று நினைத்து றொபேட் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் கிறெய்க் கண்ணைத் திறந்தார்.

"டேலுக்கு இப்படி ஒன்றும் நடக்கவில்லை," என்றார்.

"எனக்கும் அதுதான் கேட்டது," என்றார் தலைவர். மேசை முழுக்கத் தலையாட்டியது. முடிவு பதியப்பட்டது.

றொபேட்டுக்குக் காதடி சுட்டது. "அது அட்டை!" என்றான். "அட்டைக்கு ஏது மச்சான்? அட்டைக்கு ஏது கால்?"

"கோபம் இயல்பானது," என்றார் தலைவர் பரிவோடு. "நாங்கள் அக்கறையில்லாதவர்கள் என்று நினைக்காதீர்கள். போன வருடம் எங்கள் பங்காளர் ஒருவர், ஓர் இராணுவம், எங்கள் கருவியின் தோள்வார்க் கொளுக்கி சத்தம் போடுகிறது என்றார். மூன்று எஞ்சினியர்களை உடனேயே விமானத்தில் ஏற்றினோம். மிஞ்சியிருந்த மூன்று பேரையும். அதுதான் கால்டர்வூட்."

"எனக்கும் ஒராளை அனுப்பியிருக்கலாமே. பஸ்ஸில வந்திருந்தாலும் காணும்."

"நீங்கள் பங்காளர் அல்ல, றொபேட்." தலைவர் எட்டி அவன் கையைப் பிடித்தார். "நீங்கள் குடும்பம்."

றொபேட் கையை உருவிக்கொண்டான். வெளியே தொங்கிய படமும் அந்தச் சிவப்புப் புள்ளியும் ஞாபகத்துக்கு வந்தன. சுட்டவன் பங்காளர். சூடு வாங்கினவன் குடும்பம். அப்போதுதான் அவன் கண் தலைவருக்குப் பின்னாலிருந்த கண்ணாடிப் பெட்டியில் போய் நின்றது. உள்ளே ஒரு றைஃபிள். பிடியில் பொன் முலாம், நூற்றைம்பதாவது ஆண்டு என்ற எழுத்து. முலாமைச் சுரண்டினால் அதே நோர்த்மன்.

"உதைத் தாங்கோ," என்றான். "இப்பவே காட்டுறன்."

"துவக்குத் தடை," என்று யாரோ நடுங்கிய குரலில் சொன்னார்கள்.

"அது துவக்கு அல்ல," என்றார் கிறெய்க். "கட்டடப் பதிவில் அது ஓவியம்."

தலைவர் கமராவைப் பார்த்தார். மார்பு நிமிர்ந்தது. "கொடுங்கள். கால்டர்வூட் ஒருநாளும் பிழை விடாது. எல்லாரும் பார்க்கட்டும்."

சாவியைத் தேட நேரம் எடுத்தது. அந்தப் பெட்டியை ஒருவரும் இதுவரை திறந்ததில்லை. றொபேட் றைஃபிளை வாங்கி, குண்டில்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்து, குழாயைச் சனமில்லாத மூலைக்குத் திருப்பினான். போல்ட்டை இழுத்து மூடினான். சேஃப்ரியைப் போட்டான். விசையிலிருந்து விரலை எடுத்துத் துவக்கின் மரப்பாகத்தோடு நீட்டி வைத்தான். பெருவிரலால் சேஃப்ரியைத் தள்ளினான்.

ஒன்றும் நடக்கவில்லை.

திரும்பவும் செய்தான். ஒன்றும் இல்லை. திரும்பத் திரும்பச் செய்தான். நெற்றி வேர்த்தது. கமராக்காரன் அவன் கைக்குக் கிட்டக் குனிந்தான். மேசையைச் சுற்றிச் சிரிப்புப் பரவியது. யாரோ கைதட்டத் தொடங்க எல்லாரும் தட்டினார்கள். றொபேட் றைஃபிளைத் தாழ்த்தினான். கிளிபோட் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது கண்ணுக்குள் வந்தது. ஒருவேளை நான்தான் அமத்தினேனோ? தன் விரலையே அவன் முதல்முறையாகச் சந்தேகித்தான்.

"சொறி," என்றான். பழக்கத்தில் சேஃப்ரியைப் போட்டு, றைஃபிளைப் பழையபடி பெட்டிக்குள் வைக்கப் போனான். பெட்டிக்குள் இருந்தபோது சேஃப்ரி போட்டிருக்கவில்லை. இருந்தபடியே வைப்போம் என்று பெருவிரலால் தள்ளினான்.

டிக்.

உள்ளே, குண்டை வெடிக்க வைக்கிற ஊசி தானாக அடித்த சத்தம். குண்டு இருந்திருந்தால் டேலுக்குத் தலை இருந்திருக்காது.

கைதட்டல் நின்றது. றொபேட் கையைத் தூக்கிக் காட்டினான். "கேட்டதோ? கேட்டியளோ? விரல் விசையில இல்லை! உதுதான்! உதுதான் அண்டைக்கும்!"

கிறெய்க் மெல்ல எழுந்து வந்தார். முகம் வெளிறியிருந்தது. கடைசியில் ஒரு மனிசன் என்று றொபேட் நினைத்தான்.

"அந்தச் சத்தம்," என்றார் கிறெய்க். "எவ்வளவு சுத்தம். எவ்வளவு நம்பிக்கை." கண்ணிலிருந்து நீர் வழிந்தது. "பதினெட்டு வருடமாக எங்களுக்கென்று ஒரு சத்தம் தேடினோம். டேல் தேடினார். ரெக்கோட் பண்ணினாயா?"

"முழுக்க," என்றான் கமராக்காரன்.

"அது சத்தமில்லை!" றொபேட் கத்தினான். "அது கிளிபோட்டின்ர கால்!"

"நாங்கள் கேட்கிறோம், றொபேட்," என்றார் தலைவர், கண்ணை மூடி, இன்னும் அந்த டிக்கின் இனிமையில். "இன்றைக்கு உண்மையிலேயே கேட்டோம்."

அன்றைய கூட்டம் கால்டர்வூட் வரலாற்றிலேயே வெற்றிகரமான கூட்டம் என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. டேலும் வாக்களித்தார்.

லிஃப்ற்றில் லக்சிகாவும் கூடவே இறங்கி வந்தாள். பாதி வழியில் இலக்கங்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அங்கிள், நான் கண்டனான். உங்கட ஃபிங்கர் வெளியிலதான் இருந்தது."

"அப்ப சொல்லு பிள்ளை. என்ர மச்சானுக்கு ஒருக்கா ஃபோன் எடுத்துச் சொல்லு. போதும்."

"எனக்கு மார்ச்சிலதான் வேலை பேர்மனென்ற் ஆகும் அங்கிள்." கதவு திறந்தது. "சொறி. லைக், றியலி சொறி." கையில் ஒரு பையைத் திணித்தாள். உள்ளே தொப்பி. இந்தமுறை தோலில்.

றொபேட் அதைப் பனிக்குள் எறிந்தான். காவலாளி ஓடி வந்து எடுத்துத் தட்டிக் கொடுத்தான்.

பெப்ரவரிக் கடைசியில், ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்து றொபேட் வீட்டு முன்னால் பனி அள்ளிக்கொண்டிருந்தான். றெஜினாவின் வான் வந்து நின்றது. கதவு திறந்து முதலில் ஓர் ஊன்றுகோல் இறங்கியது, பிறகு மற்றது, பிறகு கிளிபோட். செயற்கைக் கால் வர இன்னும் நாளிருந்தது. காற்சட்டையின் வலது காலை மடித்துக் குத்தியிருந்தான். றொபேட் பனி அள்ளிய சவளைப் போட்டுவிட்டு ஓடினான், பிடிக்க. கிளிபோட் தன்னைப் பிடிக்க விட்டான். அதுவே பெரிய விசயம்.

"உன்ர பெருவிரலைக் காட்டு," என்றான்.

"என்னத்துக்கு?"

"காட்டடா."

றொபேட் கையுறையைக் கழற்றினான். எப்போதோ பஸ் கதவு நசித்து, அன்றிலிருந்து கறுத்தே இருக்கிற நகம். கிளிபோட் அதைப் பார்த்தான், பிறகு ஃபோனை எடுத்து ஒரு விளம்பரத்தைப் போட்டான். ஹொக்கி மாட்சுக்கு நடுவில் ஊர் முழுக்க ஓடுகிற விளம்பரம்.

சூரிய உதயம். பைன் மரங்கள். டேலின் முகம், இந்தமுறை அசைகிற முகம். பிறகு ஒரு கை, மெல்ல, மிகக் கிட்ட. கையை வெள்ளையாக்கியிருந்தார்கள், கட்டம்போட்ட கம்பளிக் கைமடிப்பு ஒன்று வரைந்திருந்தார்கள். நகத்தை மறந்துவிட்டார்கள். கறுத்த பெருவிரல் சேஃப்ரியைத் தள்ளியது. சுட்டுவிரல் விசைக்கு வெளியே, துவக்கின் மரப்பாகத்தோடு நேராக நீட்டிக்கொண்டிருந்தது. டிக். திரை இருண்டது. "கால்டர்வூட் நோர்த்மன். நாங்கள் கேட்கிறோம்."

கிளிபோட் திரும்பப் போட்டான். டிக். திரும்பவும் போட்டான். டிக்.

"விரல் வெளியில நிக்குது," என்றான்.

"ஓம்."

"விரல் வெளியில நிக்க அடிக்குது."

"ஓமடா."

"நீ முதல் நாளே சொன்னனீ." கிளிபோட் ஃபோனை இறக்கினான். "நான்தான் கேக்கேல்ல, மச்சான்."

வானுக்குள்ளிருந்து றெஜினா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வெளியே கேட்டது.

"இன்னும் இருக்கு, வாசி," என்று கிளிபோட் ஃபோனை நீட்டினான். விளம்பரத்துக்குக் கீழே சனம் எழுதிக்கொண்டே போயிருந்தது. என்னுடையதும் இப்படித்தான் விசையைத் தொடாமல் வெடித்தது, என் நாய் செத்தது, என்று சட்பரி என்ற ஊர்க்காரன் ஒருவன். என் தம்பிக்குத் தோள்பட்டை, என்று ஒருத்தி. என் மகன், என்று ஒருவர். அதற்கு மேல் அவர் ஒன்றும் எழுதவில்லை. ஒவ்வொன்றுக்கும் கீழே கால்டர்வூட் தவறாமல் பதில் போட்டிருந்தது. பகிர்ந்தமைக்கு நன்றி! உங்கள் தொப்பியின் அளவு என்ன? பகிர்ந்தமைக்கு நன்றி! உங்கள் தொப்பியின் அளவு என்ன? மகன் என்று எழுதியவருக்கும் அதே.

கிளிபோட் ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, விறைத்த விரலால் எழுதினான். "தொப்பி வேண்டாம். சப்பாத்து அனுப்புங்கள். இடது கால் மட்டும் போதும்."

மூச்சு விடுவதற்குள் பதில் வந்தது. "அருமையான யோசனை, கிளிபோட்! காலணிப் பிரிவு ஒன்று தொடங்குவது பற்றி டேலிடம் கேட்கிறோம்."

"ஆர் உவன் டேல்?" என்று கிளிபோட் கேட்டான்.

றொபேட் சொன்னான். மேசை, சட்டை, கதிரை, இடுப்பில் கட்டிய பட்டி, தான் நின்றது, எல்லாம் சொன்னான். கிளிபோட் ஒரு சிரிப்பும் இல்லாமல் முழுதையும் கேட்டான். கேட்டு முடித்துவிட்டு வான் கதவைத் திறந்தான்.

"ஏறு."

"எங்கையடா? இண்டைக்கு ஞாயிறு, கந்தோர் பூட்டு."

"நாளைக்குத் திறப்பாங்கள்தானே. இண்டைக்கு உந்தச் சட்பரிக்காரனைப் பிடிப்பம். தம்பிக்காரியைப் பிடிப்பம். அந்த மனிசனைப் பிடிப்பம். வாகனம் நிறைய ஆக்களோட போவம்." ஒற்றைக் காலை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டான். "முதல் வேலை, உந்த டேலைக் கதிரையால எழுப்புறது. எனக்கு நிண்டு கதைக்க ஏலாது, மச்சான்."